பயணச் செருப்பையும் மருத்துவரிடம் காட்டுங்கள்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். வல்வில் ஓரி விழா, அறப்பளீசுவரர் தரிசனம், ஆகாய கங்கையில் ஒரு முழுக்கு என்று குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் புறப்படுகிறவர்கள், புறப்படும் முன் எங்களிடம் வந்து சில ஐயங்களைக் கேட்டுத் தெளிந்து செல்வது வழக்கம். இன்சுலினை எப்படிக் குளிர்ச்சி குறையாமல் எடுத்துச் செல்வது, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கும்போது தலைசுற்றினால் எந்த மாத்திரை போடுவது, மலையில் விளைந்த அன்னாசியையும் பலாவையும் எவ்வளவு உண்ணலாம் என்றெல்லாம் கேட்கிறார்கள். நல்ல கேள்விகள். ஆனால் காலில் எதை அணிந்து செல்வது என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விழா முடிந்த பிறகு வரும் வாரங்களில், கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியின் விடையை, பெருவிரல் ஓரத்திலோ குதிகாலிலோ ஒரு புண்ணாக நாங்கள் பார்க்கிறோம்.

தவறு நோயாளிகளுடையது மட்டும் அன்று. நாங்களும் கேட்பதில்லை. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி என்ன, சிறுநீரகம் எப்படியிருக்கிறது, கண்ணைக் காட்டினீர்களா என்று வரிசையாகக் கேட்கும் நாங்கள், அறை வாசலில் அவர்கள் கழற்றி விட்டு வந்த செருப்பை ஒரு முறை கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. வாசலில் கிடக்கும் அந்தச் செருப்பு உள்ளே வர வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்புவது.

தேவனூர் நாட்டிலிருந்து எங்களிடம் வரும் பெரியவர் ஒருவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறோம்; பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறோம். கொல்லிமலை 14 நாடுகளாகப் பகுக்கப்பட்டிருப்பதை இப்பகுதியினர் அறிவர். அவற்றுள் ஒன்று தேவனூர் நாடு. சமவெளியில் இருக்கும் நமக்குப் பயணம் என்றால் மலையேறுவது. அவருக்கோ பயணம் என்றால் மலையிறங்குவது. மிளகுக் கொடிக்கும் காப்பிச் செடிக்கும் நடுவே ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெறுங்காலோடு நடந்தவர். செருப்பு என்பது அவருக்குக் கீழே ஊருக்குப் போகும்போது மாட்டிக்கொள்ளும் பொருள். திரும்பி வந்ததும் துடைத்துப் பரணில் வைத்துவிடும் பொருள்.

நீரிழிவு கண்டறியப்பட்டு ஒன்பது ஆண்டுகள் ஆன நிலையில் அவருடைய பாதங்களைச் சோதித்தபோது, இரண்டிலும் உணர்வு வெகுவாகக் குறைந்திருந்தது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தின் பல இடங்களில் வைத்துப் பார்ப்போம். கண்ணை மூடிக்கொண்டு, இழை படும்போதெல்லாம் "ஆம்" என்று சொல்ல வேண்டும். அவர் பெரும்பாலான இடங்களில் பேசாமலே இருந்தார். நாங்கள் அவருக்கு எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் உள்தளம் வைத்த செருப்பு ஒன்றை வாங்கச் செய்து, "இனி வெறுங்காலோடு நடக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினோம். கோப்பிலும் எழுதினோம். கடமை முடிந்தது என்று நினைத்தோம்.

அடுத்த ஆண்டு உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக அவர் கீழே இறங்கினார். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன், அப்பாவுக்கென்று முதல் நாள் மாலை ஒரு சோடி கறுப்புத் தோல் ஷூ வாங்கி வந்திருந்தார். பேருந்தில் வளைவுகள் இறங்கி, மண்டபத்தில் நின்று, பந்தியில் பரிமாறி, இரவு அங்கேயே தங்கி, மறுநாள் மாலை வீடு திரும்பும்வரை அந்த ஷூவோடுதான் இருந்திருக்கிறார். வீட்டில் கழற்றியபோது காலுறை சுண்டுவிரலோடு ஒட்டியிருந்ததை முதலில் கண்டவர் அவருடைய மனைவி. மஞ்சள் வைத்துக் கட்டினார்கள். பதினொரு நாள் கழித்து எங்களிடம் வந்தபோது நோய்த்தொற்று எலும்புவரை சென்றிருந்தது. பாதத்தைக் காப்பாற்றச் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

"வலிக்கவே இல்லையா, ஐயா?" என்று கேட்டோம்.

"இல்லீங்க. புது ஷூ காலுக்குக் கச்சிதமா, நல்லா புடிச்சு இருந்துச்சு" என்றார்.

"நாங்கள் கொடுத்த செருப்பு?"

சற்றுத் தயங்கினார். "கல்யாண வூட்டுக்கு ஆஸ்பத்திரிச் செருப்பப் போட்டுக்கிட்டுப் போனா, நாலு பேரு என்னங்க நெனப்பாங்க?"

இவ்விரண்டு விடைகளும் எங்களை நெடுநாள் யோசிக்க வைத்தன.

முதல் விடையை எடுத்துக்கொள்வோம். நல்ல நடைச் செருப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று எவரைக் கேட்டாலும், "போட்டுப் பாருங்கள், சௌகரியமாக இருந்தால் வாங்குங்கள்" என்பார்கள். உணர்வுள்ள பாதத்துக்கு இது சரியான அறிவுரை. உணர்வு குன்றிய பாதத்துக்கோ இது ஆபத்தான அறிவுரை. அத்தகைய பாதம் சரியான அளவுள்ள செருப்பை அணிந்தால் ஒன்றும் அணியாததுபோல், "லொடலொட" என்றிருப்பதாகத் தோன்றும். ஓர் அளவு சிறியதை மாட்டி இறுக்கிப் பிடித்தால்தான் காலில் ஏதோ இருக்கிறது என்று தெரியும். ஆகவே அவர்கள் தங்களுக்கே தெரியாமல் இறுக்கமானதைத் தேடி வாங்குகிறார்கள். பெரியவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பாதம் அவருக்குச் சொன்னதைத்தான் எங்களுக்குச் சொன்னார்.

இவ்வுண்மையை உலகத்துக்கு விளங்கச் செய்த மருத்துவர்களுள் முதன்மையானவர் பிறந்தது இதே கொல்லிமலையில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பால் பிராண்ட் 1914இல் இம்மலையில் பிறந்தார். அவருடைய பெற்றோர் இங்கே சமயப் பணியோடு மருத்துவ உதவியும் செய்துவந்த ஆங்கிலேயர். தந்தை 1929இல் மலைக் காய்ச்சலின் கொடிய வடிவமொன்றால் இம்மலையிலேயே இறந்தார். தாய் ஈவ்லின் முதுமையிலும் மலையூர்களில் பணியாற்றி 1974இல் மறைந்தார். சிறுவனாக இங்கே வளர்ந்து, இங்கிலாந்தில் கட்டட வேலை பயின்று, பிறகு மருத்துவம் படித்த பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தார்.

தொழுநோயாளியின் விரல்கள் அந்நோயாலேயே அழுகி உதிர்கின்றன என்று அந்நாளில் பரவலாக நம்பப்பட்டது. வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் நோயாளிகளை நாள்தோறும் கூர்ந்து கவனித்த பிராண்டும் அவருடைய குழுவினரும் வேறொன்றைக் கண்டார்கள். நோய்க்கிருமி நரம்பைக் கெடுத்து வலியை மாய்க்கிறது. வலியை இழந்த மனிதர் தம் கையையும் காலையும் தாமே அறியாமல் காயப்படுத்திக்கொள்கிறார். புண் நோயின் நேரடி விளைவன்று. முள்ளின், சூட்டின், செருப்பின் விளைவு. அப்படியானால் புண்ணைத் தடுக்க முடியும். அந்தத் தேடலில் வேலூர்–கரிகிரி வட்டாரத்தில் பல பொருள்களைச் சோதித்து அவர்கள் வந்தடைந்த விடைதான் நுண்துளை ரப்பர் செருப்பு. காற்றுக் குமிழிகள் நிறைந்த மென்மையான உள்தளம் உடல் எடையைப் பாதம் முழுவதும் பரப்பும். அதற்கடியில் முள் ஏறாத கடினமான அடித்தளம் இருக்கும். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், நீரிழிவு நோயாளிகளின் பாதங்களிலும் இதே கதை நடப்பதைக் கண்டு, வேலூரில் கற்றதை அவர்களுக்கும் கொண்டுசேர்த்தார். 2003இல் அவர் மறைந்தார். இன்று உலகெங்கும் நீரிழிவுப் பாத மருத்துவம் என்று நாங்கள் பயில்வதில் ஒரு பெரும்பகுதி தமிழ்நாட்டுத் தொழுநோயாளிகளின் கால்களிலிருந்து கற்றது.

பயணம் பற்றிப் பேசும்போது பிராண்டே சொன்ன ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வரும். 1950களில் நெடும் பயணத்துக்குப் பின் இலண்டன் விடுதி அறையொன்றில் காலணியைக் கழற்றியபோது, தம் குதிகாலில் உணர்வே இல்லாததைக் கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று இரவெல்லாம் உறங்காமல் கிடந்தார். விடிந்ததும் மீண்டும் குத்தினார். வலியில் கத்திவிட்டார். இரயிலில் நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்திருந்ததால் மரத்துப்போன நரம்பு அது, அவ்வளவே. அந்த வலிக்காக அவர் நன்றி சொன்னாராம். எங்கள் நோயாளிகள் பலருக்கு அந்த விடியல் வாய்ப்பதில்லை.

நடக்கும்போது பாதத்தில் நிகழ்வதைச் சற்று விளக்கினால் செருப்புத் தேர்வின் காரணம் புரியும். நலமான ஒருவர் இரண்டு கிலோமீட்டர் நடந்ததும், அவரை அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறார். ஓரிடத்தில் சிறிது எரிந்தால் எடையை மறுபக்கம் சாய்க்கிறார், வாரைத் தளர்த்துகிறார், ஒரு கல்லில் அமர்ந்து செருப்பைக் கழற்றித் தட்டுகிறார். உணர்விழந்த பாதம் இவற்றுள் எதையும் செய்யாது. முதல் அடி விழுந்த இடத்திலேயே ஆயிரமாவது அடியும் விழும். ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேல். போகவும் வரவுமாக இரண்டாயிரத்துக்கும் அதிகம். ஒவ்வொரு பாதமும் ஒரே இடத்தில் ஆயிரம் முறையேனும் அழுந்தும். அதிலும் முதலில் இறக்கம். இறங்கும்போது பாதம் முன்னே வழுக்கி விரல்கள் செருப்பின் முனையில் மோதும். பிறகு ஏற்றம், ஏறும்போது எடை முழுவதும் முன்பாதத்தில் இறங்கும். களைத்துப்போன காலோடு ஏற வேண்டிய வழி அது என்பதை இறங்கத் தொடங்கும்போது எவரும் எண்ணுவதில்லை.

இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவோடு வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த ஆய்வு 2023இல் தெரிவித்தது. அவர்கள் எல்லோருக்கும் பாத உணர்வு குன்றிவிடவில்லை. யாருக்குக் குன்றியிருக்கிறது என்பதை அறிய ஐந்து நிமிடச் சோதனை போதும். பயணத்துக்கு முன் அச்சோதனையைக் கேட்டுப் பெறுங்கள். நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். அது இரத்த ஓட்டக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். அவ்வாறானவர்களுக்குச் சிறு சிராய்ப்பும் ஆறத் தாமதமாகும். ஏற்கெனவே பாதத்தில் புண் இருப்பவர்கள் இந்த ஆடிக்கு அறப்பளீசுவரரை வீட்டிலிருந்தே வணங்குவது நல்லது. இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இனித் தேர்வு. பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். ஆகவே மாலையில் கடைக்குச் செல்லுங்கள். இரண்டு பாதங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய பாதத்துக்கே வாங்குங்கள். பெட்டியின் மேலுள்ள எண்ணை நம்ப வேண்டாம். நாம் வழங்கிவரும் எண்கள் ஐரோப்பியக் கால்களை வைத்து வகுக்கப்பட்டவை. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் நாடு முழுவதும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து பார்த்தது. இந்தியர் பாதம் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்று அது கண்டறிந்து, "பா" என்ற புதிய அளவுமுறையையும் முன்மொழிந்துள்ளது. ஆண்டுக்கணக்கில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு முன்பாதம் இன்னும் விரிந்திருக்கும். தேவனூர் நாட்டுப் பெரியவரின் மகன் நீளத்தைச் சரியாகத்தான் பார்த்து வாங்கினார். அகலத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக் கடைக்காரரும் சொல்லவில்லை.

அதற்கு ஓர் எளிய வழி உண்டு, காசு செலவில்லை. வீட்டில் ஒரு தாளை விரித்து அதன்மேல் நின்றுகொள்ளுங்கள். நிற்க வேண்டும், அமர்ந்து செய்தால் பாதம் விரியாது. வேறொருவர் பாதத்தைச் சுற்றிப் பென்சிலை நேராகப் பிடித்துக் கோடு வரையட்டும். அதை வெட்டியெடுத்துக் கடைக்குக் கொண்டுபோய்ச் செருப்பின் உள்தளத்தின் மேல் வையுங்கள். தாள் ஓரங்களில் மடங்கினால் அந்தச் செருப்பு வேண்டாம். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடமிருக்க வேண்டும்; மிகுந்துவிட்டாலும் பாதம் வழுக்கும். மூடிய ஷூவானால் தாளை உள்ளே நுழைத்துப் பாருங்கள். எங்கள் பிரிவின் சுவரில் இம்முறையை விளக்கும் படமொன்றை ஒட்டியிருக்கிறோம். அதனடியில் அமர்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் கைப்பேசியைத்தான் பார்க்கிறார்கள். படம் மங்கிவிட்டது எங்கள் குறை.

வடிவத்தைப் பொறுத்தவரை எங்கள் கருத்து வெளிப்படையானது. விரலிடுக்கில் வார் செருகிய ஹவாய்ச் செருப்பு பயணத்துக்கு உதவாது. உணர்வில்லாதவர் காலிலிருந்து அது நழுவி விழுந்தாலும் தெரியாமல் நடந்துபோவார். விழாமலிருக்க விரல்களை இறுக்கினால் இடுக்கில் புண்ணாகும். பின்வார் உள்ளதும், புறங்காலின் மேல் அகலமான வார் குறுக்கே வருவதும், ஒட்டுப்பட்டையால் கூட்டவும் குறைக்கவும் கூடியதுமான செருப்பு நல்லது. மலைக்குச் செல்பவர்கள் முன்பக்கம் விரல்களை மூடிக் காக்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அடித்தளம் கல் பாசியில் வழுக்காத வரிப்பள்ளங்களோடு இருக்க வேண்டும். உள்ளே கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். தூக்கலான தையலோ ஆணி முனையோ விரலில் பட்டால் அது பாதத்திலும் படும். பத்தாயிரம் ரூபாய் ஓட்டக் காலணிதான் சிறந்தது என்பதில்லை. நம் ஊரிலேயே அளவெடுத்துத் தைத்துத் தரும் செருப்புத் தொழிலாளி இருந்தால், வெட்டிய தாளோடு அவரிடம் செல்லுங்கள். எங்கள் நோயாளிகள் சிலருக்கு அவர்கள் தைத்துக் கொடுத்ததைப் போன்ற செருப்பைப் பெரிய கடைகளிலும் நாங்கள் கண்டதில்லை.

இவ்வளவும் பார்த்து வாங்கினாலும், புறப்படும் நாளில் புதுச் செருப்பை அணியக் கூடாது. எல்லா விதிகளிலும் இதுவே முதன்மையானது. குடும்பங்கள் மிகுதியாக மீறுவதும் இதுவே. பயணத்துக்கு மூன்று வாரங்கள் முன்பே வாங்குங்கள். முதல் நாள் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் அணிந்து, கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். எங்கேனும் சிவந்து, அரை மணிக்குப் பிறகும் அச்சிவப்பு மறையாதிருந்தால் அச்செருப்பு அவருக்கானது அன்று. மறைந்தால் மறுநாள் சற்று நேரம் கூட்டலாம். தோல் கறுத்தவர்களுக்குச் சிவப்பு தெளிவாகத் தெரியாது. புறங்கையால் தொட்டு வெப்பம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

"பாருங்கள்" என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது நோயாளியை நோக்கி மட்டும் அன்று. முட்டி வலியும் பார்வைக் குறைவும் உள்ள முதியவர் தம் அடிப்பாதத்தைத் தாமே பார்த்துக்கொள்வது எளிதன்று. இச்சொல் உடன் செல்லும் மகளுக்கும் மருமகனுக்கும் பேரப்பிள்ளைக்கும் உரியது. பாதத்தைத் தொடுவதில் நம்மவர்களுக்குக் கூச்சம் உண்டு. பெற்றோர் காலைத் தொட்டு வணங்கும் பிள்ளைகள், அதே காலைத் திருப்பிப் பார்க்கக் கூசுகிறார்கள். பெற்றோரும் "விடுப்பா" என்று காலை இழுத்துக்கொள்கிறார்கள். பயணத்தில் ஒவ்வோர் இரவும் படுக்கைக்கு முன் இரண்டு நிமிடம், நல்ல வெளிச்சத்தில், விரலிடுக்குகள் உட்பட இரு பாதங்களையும் பாருங்கள். வெளிர்நிறக் காலுறையே அணியச் செய்யுங்கள். இரத்தமோ நீரோ கசிந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். மேல்விளிம்பு இறுகிப் பிடிக்காததாகவும் தையல் தடிக்காததாகவும் இருக்கட்டும். அருவியில் நனைந்த காலுறையோடு மீண்டும் நடக்க வேண்டாம். ஈரத்தோல் எளிதில் உரியும். மாற்றுக் காலுறைகளும், கூடுமானால் இன்னொரு பழகிய சோடிச் செருப்பும் பையில் இருக்கட்டும். நண்பகலில் செருப்பை மாற்றினால் அழுத்தம் விழும் இடமும் மாறும்.

பேருந்தில் எஞ்சினுக்கு அருகில் இடம் கிடைத்தால் அமர வேண்டாம். அங்கே தகட்டின் மேல் பாதத்தை வைத்து உறங்கிப்போய், இறங்கும்போது கொப்புளங்களோடு இறங்கியவர்களுக்கு நாங்கள் மருந்து கட்டியிருக்கிறோம். நெடுநேரம் அமர்ந்திருக்கையில் வாரைத் தளர்த்திக் கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருங்கள். நடக்கும் முன் மீண்டும் சரிசெய்ய மறக்க வேண்டாம்.

வெறுங்கால் பற்றி எங்களைத் தவறாக எண்ண வேண்டாம். உணர்வுள்ள பாதத்துக்கு வெறுங்கால் நடை பகையன்று. கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவர்கள் 2,300 குழந்தைகளைச் சோதித்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், தட்டைப் பாதம் காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளிடம்தான் மிகுதியாக இருந்தது. தேவனூர் நாட்டுப் பிள்ளைகள் மண்ணில் ஓடுவதைக் கண்டு நாங்கள் கவலைப்படுவதில்லை. அதே வீட்டில் உணர்விழந்த பாதத்தோடு தாத்தா மிளகு பறிக்க வெறுங்காலோடு செல்வதைக் கண்டால் கவலைப்படுகிறோம். கோயிலிலும் அப்படித்தான். தெய்வத்தின் முன் செருப்பைக் கழற்றுவதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கழற்றும் இடம் கோயில் வாசலாக இருக்கட்டும். வாகனம் நிறுத்துமிடமாக இருக்க வேண்டாம். நண்பகல் வெயிலில் கொதிக்கும் கற்றளத்தைத் தவிர்த்துக் காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். வெறுங்காலோடு வருவதாக வேண்டிக்கொண்டவர்கள், நேர்த்திக்கடனை வேறு வகையில் செலுத்த வீட்டுப் பெரியவர்களோடு கலந்து பேசுங்கள். இதுகுறித்து எங்களோடு வாதிட்ட அன்பர்கள் உண்டு. அவர்களுள் ஒருவர், "டாக்டர், சாமி பார்த்துக்கும்" என்றார். பாதத்தை நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றோம்.

பெரியவரின் இரண்டாம் விடைக்கு வருவோம். "ஆஸ்பத்திரிச் செருப்பு" என்று அவர் சொன்னதில் ஒரு வரலாறு இருக்கிறது. நுண்துளை ரப்பர் செருப்பு தொழுநோயாளிகளுக்காக உருவானது. பல ஆண்டுகள் ஒரே வடிவத்திலும் ஒரே நிறத்திலும் வழங்கப்பட்டதால், அதை அணிந்தவரைக் கண்டதுமே ஊர் ஒதுங்கியது. காலைக் காக்க வந்த செருப்பே மனிதரைக் காட்டிக்கொடுத்தது. பலர் அதை அணியாமல் புண்ணையே ஏற்றார்கள். அந்தக் கூச்சத்தின் நிழல் இன்றும் நீரிழிவுச் செருப்பின் மீது படிந்திருக்கிறது. அணிய மறுக்கும் நோயாளியைக் "கேட்பாரில்லை" என்று கடிந்துகொள்வதற்கு முன், திருமண வீட்டுக்கு அணிந்து செல்லத்தக்க செருப்பை அவருக்குக் கொடுத்தோமா என்று நாங்கள் எங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். தோல் மேற்பாகமும் நல்ல நிறமும் வைத்து, உள்ளே அதே மென்தளத்தோடு செருப்புச் செய்ய முடியும், செய்கிறார்கள். விலைதான் எட்டுவதில்லை.

தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்கு தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் இச்செருப்பை இலவசமாக வழங்கிவருகிறது. பாராட்டத்தக்க செயல். நீரிழிவால் உணர்விழந்த பாதத்துக்கும் அதே முள்தான் குத்துகிறது. அதே புண்தான் வருகிறது. ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் கைக்காசு போட்டே வாங்க வேண்டியுள்ளது. ஒரு விரலை எடுக்கும் அறுவை மருத்துவத்துக்கும் அதற்குப் பிந்திய மாதங்களுக்கும் ஆகும் செலவில் எத்தனை சோடிச் செருப்புகள் வாங்கலாம் என்று எங்கள் கணக்குப் பிரிவைக் கேட்டால் அவர்களே சொல்வார்கள். பாத உணர்வுச் சோதனையில் தவறியவர் எவராயினும், மாத்திரையைப் போலவே செருப்பும் மருந்துச் சீட்டில் எழுதப்பட்டு, மாத்திரையைப் போலவே கிடைக்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. அதுவரை எங்கள் கையில் உள்ளதை நாங்கள் செய்யத் தொடங்கியிருக்கிறோம். மறுபரிசோதனைக்கு வருவோர் வழக்கமாக அணியும் செருப்பையும், பயணத்துக்கென்று வைத்திருக்கும் செருப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்து வர வேண்டும். பாதச் சோதனை அறையில் செவிலியர் இரண்டையும் பார்ப்பார். கூச்சப்பட வேண்டாம், அவர் இதைவிட மோசமான செருப்புகளைப் பார்த்திருக்கிறார், அவற்றுள் எங்களுடையவையும் அடங்கும்.

தேவனூர் நாட்டுப் பெரியவர் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மஞ்சள் பையோடு வருகிறார். பையில் மகன் வாங்கிக் கொடுத்த, அகலம் பார்த்துத் தைத்த, பழுப்பு நிறத் தோல் செருப்பு இருக்கும். மலையில் அணியும் செருப்பு காலில் இருக்கும். சென்ற முறை செவிலியர் காலில் கிடந்ததைக் கழற்றித் திருப்பிப் பார்த்தபோது, அடித்தளத்தைத் துளைத்து உள்தளத்தில் பாதி ஏறியிருந்த ஒரு முள் கிடைத்தது. நுனி இன்னும் மேலே வந்திருக்கவில்லை. எத்தனை நாளாக அது அங்கிருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. இடுக்கியால் பிடுங்கிக் கையில் கொடுத்தோம். அதை ஒரு தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், வீட்டில் காட்ட வேண்டுமென்று.